முள்ளோடையில் பிடித்த ஸ்ப்ளெண்டர்

கேள்வி: வணக்கம் மேடம். நாங்கள் கடலூர் முதுநகர். என் வீட்டுக்காரர் சிப்காட்டில் காண்ட்ராக்ட் ஃபிட்டர். போன தீபாவளி முடிந்த கையோடு புதுச்சேரியில் ஒரு புரோக்கரிடம் பழைய ஸ்ப்ளெண்டர் வாங்கினார். விலை 32,000. அதில் 20,000 ஜி.பே, மீதி கையில் கொடுத்தார். பி.ஒய். நம்பர் வண்டி. ஆர்.சி. ஜெராக்ஸும், கையெழுத்துப் போட்ட பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30-ம் கொடுத்தார்கள். "ஃபைனான்ஸ்ல சீஸ் பண்ண வண்டி, அதான் ரேட் கம்மி. ஒரிஜினல் ஒரு மாசத்துல வந்துடும்" என்றார் புரோக்கர். வரவே இல்லை. போன வாரம் பெட்ரோல் போட புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை போனபோது போலீஸ் நிறுத்தி, சேஸ் நம்பரைப் பார்த்துவிட்டு, இது வில்லியனூர் பக்கம் திருடுபோன வண்டி என்று எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைத் தாளில் ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். நேற்று போன் செய்து திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். புரோக்கர் போன் சுவிட்ச் ஆஃப். கொஞ்ச நாள் விருத்தாசலத்தில் போய் இருக்கட்டும் என்கிறார் மாமனார். 15,000 கொடுத்தால் பேசி முடித்துத் தருகிறேன் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் முன்பு சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக், "என்னண்ணே, சேஸ் நம்பர் கோணலா குத்தியிருக்கு" என்றாராம். இவர் சிரித்துவிட்டு வந்துவிட்டார். இவருக்கு ஜெயில் வருமா? வண்டியோ பணமோ கிடைக்குமா? லைசென்ஸ், சாப்பாட்டு டப்பா எல்லாம் வண்டியின் சைடு பாக்ஸிலேயே மாட்டிக்கொண்டது.
— பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

பதில்: மெக்கானிக் சொன்னதை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. பாதிக் கதையைச் சொல்லிவிட்டு முழு ஆலோசனை கேட்பவர்கள்தான் அதிகம். அந்த விஷயத்துக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனி வழக்குகள் பின்னிக் கிடக்கின்றன. உங்கள் வீட்டுக்காரர் குற்றவாளியா என்பது ஒன்று. வண்டி யாருடையது என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் 'தெரியாது' என்பதற்குப் பெரிய மதிப்பு உண்டு. இரண்டாவதில் அதற்கு மதிப்பே கிடையாது. அவர் எவ்வளவு யோக்கியமாக வாங்கியிருந்தாலும் வண்டி அவருடையது ஆகாது. 1930-ம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 27-வது பிரிவு சொல்வது சுலபமான விஷயம்: விற்றவனுக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது. திருடனுக்கு உரிமை இல்லை. அவனிடமிருந்து புரோக்கருக்கு இல்லை. புரோக்கரிடமிருந்து உங்களுக்கும் இல்லை. நடுவில் பத்துக் கை மாறியிருந்தாலும் இதே கணக்குதான். ஆகவே வண்டி ஆசையை இன்றோடு விட்டுவிடுங்கள். பறிகொடுத்தவர் இன்ஷூரன்ஸில் திருட்டுக்கான கிளெய்ம் வாங்கியிருந்தால் அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிகூட வண்டியைக் கேட்டு வரலாம். அந்த வரிசையில் நீங்கள் இல்லை. 'இடைக்கால ஒப்படைப்பு மனு போட்டு எடுத்துத் தருகிறேன்' என்று யாராவது ஃபீஸ் கேட்டால், அந்தப் பணம் வீட்டில் இருக்கட்டும்.

இப்போது ஜெயில் பயம். அவர் வண்டியை வாங்கியது 1.7.2024-க்குப் பிறகு என்று தெரிகிறது. அப்படியானால் புதிய பாரதிய நியாய சன்ஹிதாதான் பொருந்தும். அதில் 317(2) பிரிவு, பழைய ஐ.பி.சி.யின் 411. திருட்டுச் சொத்தை நேர்மையில்லாமல் வாங்கினாலோ வைத்திருந்தாலோ 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் வெறுமனே கையில் வைத்திருந்தது மட்டும் போதாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்திருக்க வேண்டும். அதை நிரூபிக்கும் பாரம் அரசுத் தரப்பின் தலையில். 1954-ல் திரிம்பக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது: பொருள் இவர் கையில் இருந்தது, அதற்கு முன் வேறொருவரிடம் இருந்தது, திருட்டுப் பொருள் என்பது இவருக்குத் தெரியும் என்று மூன்றையும் காட்ட வேண்டும். 2022-ல் சிவகுமார் வழக்கிலும் அதையே திரும்பச் சொன்னது.

ஆனால் 'நம்பக் காரணம் இருந்தது' என்ற அந்த மூன்று வார்த்தையில்தான் பல பேர் சறுக்குகிறார்கள். "எனக்குத் தெரியாதுங்க" என்று யாரும் சொல்லலாம். தெரிந்து வாங்கியவனும் அதைத்தான் சொல்வான். அதனால் நீதிமன்றம் வாயைப் பார்க்காது, சுற்றியுள்ள விஷயங்களைப் பார்க்கும். என்ன விலை, என்ன பேப்பர், யாரிடம், எங்கே, எப்படிப் பணம் போனது. அந்தத் தராசில் உங்கள் வீட்டுக்காரரை நானே வைத்துப் பார்க்கிறேன், கோபப்படாதீர்கள்.

அவருக்கு எதிராக நிற்பது ஒரிஜினல் ஆர்.சி. இல்லாதது, கம்மி விலை, மாதக்கணக்கில் பெயர் மாற்றாதது, அப்புறம் அந்த மெக்கானிக் சொன்னது. ஆதரவாக நிற்பவை எனக்கு இதைவிடக் கனமாகத் தெரிகின்றன. 20,000 ரூபாய் வங்கி வழியாகப் போயிருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குகிறவன் தன் பெயரையும் போன் நம்பரையும் பதித்து ஜி.பே செய்ய மாட்டான். மாதக்கணக்கில் அதே நம்பரோடு, ஒளித்து வைக்காமல், போலீஸ் நிற்கும் எல்லைக்கே ஓட்டிப் போயிருக்கிறார். கடலூர்க்காரர்கள் பெட்ரோல் விலைக்காக முள்ளோடை போவது ஊரறிந்த பழக்கம். ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதும் ஊரறிந்தது. மடியில் கனம் உள்ளவன் அந்த வழியில் போவானா? இந்தக் கேள்வியை உங்கள் வக்கீல் நீதிமன்றத்தில் நிச்சயம் கேட்பார்.

விலை விஷயத்தில் ஒரு வேலை செய்யுங்கள். அதே மாடல், அதே வருஷ வண்டி அப்போது என்ன விலைக்குப் போனது என்று இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து வையுங்கள். 45,000 போகிற வண்டி 32,000-க்குக் கிடைத்தால் அது மலிவு. அதற்கு 'சீசிங் வண்டி' என்று ஒரு காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. 45,000 வண்டி 10,000-க்குக் கிடைத்திருந்தால் நான் வேறு மாதிரி பதில் எழுதியிருப்பேன். இந்த 'ஃபைனான்ஸில் சீஸ் பண்ண வண்டி' என்பது என்னிடம் வரும் பாதி வழக்குகளில் கேட்கிற பாட்டு. மலிவுக்கும் பேப்பர் இல்லாததற்கும் ஒரே கல்லில் பதில் சொல்லிவிடுகிறதே! உண்மையில் சீஸ் செய்த வண்டியை விற்கும்போது ஃபைனான்ஸ் கம்பெனியின் கடிதம் இருக்கும், கடன் தீர்ந்ததற்கு ஃபார்ம் 35 இருக்கும். ஆனால் இதெல்லாம் ஒரு ஃபிட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மாஜிஸ்திரேட்டும் சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன்.

சாட்சியச் சட்டத்தில் ஒரு அனுமானம் உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். திருடுபோன சிறிது காலத்துக்குள் பொருள் ஒருவரிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவர் விளக்காவிட்டால், அவரே திருடினார் அல்லது தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 119-வது பிரிவில் முதல் உதாரணமே இதுதான். 'ஊகிக்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'ஊகித்தே ஆக வேண்டும்' என்று இல்லை. இதில் முக்கியமான வார்த்தை விளக்கம். விளக்கம் சொல்லக்கூடிய ஆள், அதுவும் பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு சொல்லக்கூடிய ஆள், விருத்தாசலத்தில் போய் ஒளிந்தால் என்ன அர்த்தம் எடுப்பார்கள்? மாமனார் பாசத்தில் சொல்கிறார். ஆனால் இதுவரை இல்லாத சந்தேகத்தை அந்தப் பஸ் டிக்கெட் உருவாக்கிவிடும். வேண்டாம்.

சரி, மெக்கானிக். 317(2) வாங்குவதை மட்டும் குற்றமாகச் சொல்லவில்லை, தெரிந்த பிறகு வைத்திருப்பதையும் சொல்கிறது. வாங்கும்போது சுத்தமாக வாங்கியவர், நடுவில் திருட்டு என்று தெரிந்த பிறகும் சத்தம் போடாமல் ஓட்டினாலோ, இன்னொருவர் தலையில் கட்டினாலோ, அந்த நாளிலிருந்து குற்றம் தொடங்கிவிடும். அதனால் போலீஸ் தரப்பு இந்தப் பேச்சைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். என் கருத்தில் இது சந்தேகத்துக்கு ஒரு பொறி, அவ்வளவுதான். நம்பக் காரணம் என்ற அளவுக்கு வளரவில்லை. பழைய வண்டியில் துருவும் கீறலும் விபத்தில் மாட்டிய அடையாளமும் சகஜம். 'கோணலாக இருக்கிறது' என்பதும் 'இது திருட்டு வண்டி' என்பதும் ஒன்றல்ல. ஆனால் இதற்காக மெக்கானிக்கைப் போய்ப் பார்த்து, "நீ ஒன்றும் சொல்லவே இல்லை என்று சொல்லிவிடு" என்று கேட்காதீர்கள். அது தனிக் குற்றமாக முடியும். உங்கள் வீட்டுக்காரர் இதைத் தன் வக்கீலிடம் முதலில் சொல்லட்டும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசியலமைப்பின் 20(3) சொல்கிறது. சொல்லாமல் இருப்பது உரிமை. பொய் சொல்வது உரிமை இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

திங்கட்கிழமைக்கு வருவோம். போனில் கூப்பிட்டதை எழுத்தில் கேளுங்கள். குற்ற விசாரணை நடைமுறைக்கான புதுச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இரண்டு விதமான அழைப்பு உண்டு. 179-வது பிரிவில் அழைத்தால் சாட்சியாக. 35(3)-ல் அழைத்தால் சந்தேகப்படும் ஆளாக. எந்தப் பிரிவு என்று தெரிந்தாலே நிலைமை பாதி புரிந்துவிடும். 35(3) நோட்டீஸ் என்றாலும் பதற வேண்டாம். அதன்படி ஆஜராகி ஒத்துழைக்கிறவரை, எழுத்தில் காரணம் பதிவு செய்யாமல் கைது செய்யக் கூடாது. 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் பிரிவு வெறும் 3 ஆண்டு. இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்றும் 2025-ல் அதே நீதிமன்றம் சொன்னது. இதையெல்லாம் ஸ்டேஷனில் போய்ச் சட்டம் பேசுவதற்காகச் சொல்லவில்லை. மரியாதையாக, "சார், ஒரு நோட்டீஸ் கொடுத்தீங்கன்னா வேலையில லீவு சொல்ல வசதியா இருக்கும்" என்று கேட்டாலே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இந்தக் குற்றம் ஜாமீனில் விடமுடியாத வகை. அதைக் கேட்டுப் பலர் ஜாமீனே கிடைக்காது என்று நினைக்கிறார்கள். ஸ்டேஷன் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றத்தில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் பொருள். உள்ளூர் வக்கீல் எஃப்.ஐ.ஆரைப் பார்த்துவிட்டுப் பெயர் சேர்ந்திருக்கிறது என்று சொன்னால், அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 482-வது பிரிவில் முன்ஜாமீன் போடலாம். வழக்கு புதுச்சேரியில் என்பதால் அங்குள்ள செஷன்ஸ் கோர்ட், அல்லது சென்னை உயர் நீதிமன்றம். கடலூர் கோர்ட்டில் அலைய வேண்டாம். பக்கத்தில்தான் என்றாலும் முள்ளோடை போனாலே வேறு அரசு, வேறு போலீஸ்.

அந்த வெள்ளைத் தாள் கையெழுத்து எனக்குப் பிடிக்கவில்லை. விசாரணையில் போலீஸிடம் சொல்வதை எழுதிக்கொண்டாலும் அதில் சொன்னவரின் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 181-வது பிரிவே சொல்கிறது. வண்டியைக் கைப்பற்றியதற்கு மகஜர் எழுத வேண்டும், அதை வீடியோவாகவும் பதிவு செய்ய வேண்டும். இந்த வீடியோ விதி, 105-வது பிரிவு, புதுச் சட்டத்தில் வந்தது. நல்ல விதி. எனவே திங்கட்கிழமைக்கு முன்பே ஒரு கடிதம் எழுதுங்கள். இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்ன நம்பர் வண்டியை எடுத்துக்கொண்டீர்கள், எழுதப்படாத தாளில் என் கையெழுத்து வாங்கப்பட்டது, வண்டியை இன்னாரிடம் இன்ன தேதியில் இவ்வளவு கொடுத்து வாங்கினேன், கைப்பற்றிய மகஜரின் நகல் வேண்டும். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், நடந்ததைத் தேதியோடு சொன்னால் போதும். அனுப்புமுன் உங்கள் வக்கீல் ஒருமுறை படித்துவிடட்டும். பதிவுத் தபாலில் அந்த ஸ்டேஷனுக்கும், நகல் எஸ்.பி. அலுவலகத்துக்கும். ரசீது பத்திரம்.

அதே கடிதத்தோடு புரோக்கர் மேல் ஒரு புகாரும் போக வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. நான் சொல்கிற எல்லாவற்றிலும் இதுதான் அதிகம் உதவும். ஏமாற்றிப் பணம் வாங்கியது நியாய சன்ஹிதாவின் 318(4)-ல் வரும், 7 ஆண்டு வரை. ஏமாந்தவன் என்று எழுத்தில் முதலில் வந்து நிற்கிறவரை, குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதைவிடச் சாட்சியாக நிறுத்துவதுதான் போலீஸுக்கும் லாபம். திருடனுக்கும் வண்டிக்கும் நடுவில் உள்ள சங்கிலியில் உங்கள் வீட்டுக்காரர் ஒரு கண்ணி. அவர் இல்லாமல் அவர்கள் வழக்கு ஓடாது. சாட்சியானால் சம்மன் வரும், வேலைக்கு லீவு போட்டுப் போய் வர வேண்டும். எரிச்சல்தான். ஆனால் மற்றதை நினைத்தால் அது எவ்வளவோ மேல்.

புரோக்கரோடு பேசிய வாட்ஸ்அப், அழைப்புப் பட்டியல், வண்டியின் போட்டோ எதையும் அழிக்கக் கூடாது. போனை மாற்றவும் கூடாது. பேங்கில் ஸ்டேட்மென்ட் முத்திரையோடு வாங்குங்கள். வாங்கும்போது கூடப் போன நண்பர் யாராவது இருந்தால் அவர் பெயரைக் குறித்து வையுங்கள். அந்த ஃபார்ம் 29, 30 ஒரிஜினலைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். கேட்டால் நகல் கொடுங்கள். ஒரிஜினல்தான் வேண்டுமென்றால், பெற்றுக்கொண்டதற்கு எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

15,000 கேட்கிறவர் விஷயத்தில் ஒரே வார்த்தை: கூடாது. செய்யாத குற்றத்துக்கு நீங்களே விலை பேசியது போல ஆகும். அதோடு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். அந்தப் பணம் எந்தச் சட்டைப் பையில் போய் நிற்கும் என்பதற்கும் ரசீது கிடையாது.

பணம் திரும்பக் கிடைக்குமா? சட்டத்தில் வழி இருக்கிறது, கையில் வருவது புரோக்கர் கிடைப்பதைப் பொறுத்தது. பொருள் விற்பனைச் சட்டம் 14-வது பிரிவின்படி, விற்கிறவனுக்கு விற்க உரிமை இருக்கிறது என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. அது பொய்யானதால் கொடுத்த முழு விலையையும் திருப்பிக் கேட்கலாம். மாதக்கணக்கில் ஓட்டினீர்களே என்று கழிக்கக்கூட முடியாது என்பது என் வாதமாக இருக்கும். 32,000-க்கு சிவில் வழக்கு போட்டால் அலைச்சல்தான் மிஞ்சும். அவர் தொழிலாகவே வண்டி வாங்கி விற்கிறவர் என்றால் நுகர்வோர் ஆணையம் நல்ல வழி. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்று 2019 சட்டம் சொல்வதால், கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். மற்றொரு வழி அதிகம் பேருக்குத் தெரியாது. உங்களுக்கு விற்றவன் திருடியதற்கோ, திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியதற்கோ தண்டிக்கப்பட்டு, கைதின்போது அவனிடமிருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தால், தெரியாமல் வாங்கியவருக்கு அதிலிருந்து விலையைக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். சுரக்ஷா சன்ஹிதாவின் 499-வது பிரிவு. கேட்டால்தான் கிடைக்கும். ஆகவே தீர்ப்பு நாளில் உங்கள் மனு அங்கே இருக்க வேண்டும்.

புது டயர், பேட்டரி என்று ஏதாவது போட்டிருந்தால் அதெல்லாம் வண்டியோடு போனது போனதுதான். ஒரு ஆறுதல் சொல்லட்டுமா? இந்த மாதங்களில் அந்த வண்டி யார் மேலும் மோதவில்லை. வேறொருவர் வண்டியில், செல்லுமா செல்லாதா என்று தெரியாத இன்ஷூரன்ஸோடு ஒரு விபத்து நடந்திருந்தால், 32,000 ரூபாய் உங்களுக்கு ஞாபகமே வந்திருக்காது.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள். இலவச சட்ட உதவி மையம் எல்லா மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் உண்டு. வழக்கு புதுச்சேரியில் என்பதால் அங்குள்ள மையத்தைக் கேளுங்கள்.

அடுத்த வண்டி வாங்கும்போது ஒரிஜினல் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் குத்தியிருப்பதோடு நீங்களே குனிந்து ஒப்பிடுங்கள். ஆப்பில் நம்பர் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது என்று பலர் சொல்கிறார்கள். அதே மாடல், அதே நிற வண்டியின் நம்பரைத் திருட்டு வண்டிக்கு மாட்டிவிட்டால் ஆப் சரியாகத்தான் காட்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவையில் சேஸ் நம்பரை வைத்தே திருட்டு வண்டியா என்று பார்க்கலாம். காந்தி வீதி ஞாயிறு சந்தையிலோ வேறெங்கோ பழைய போன் வாங்குகிறவர்களுக்கும் இதே கதைதான். *#06# அழுத்தி வரும் எண்ணை, கே.ஒய்.எம். என்ற எழுத்துகளை ஆங்கிலத்தில் முன்னால் போட்டு, 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் தெரிந்துவிடும். என் தம்பி ஒருமுறை இதைச் செய்யாமல் ஒரு போன் வாங்கி, இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமல் திரிந்தான்.

சைடு பாக்ஸில் இருக்கும் லைசென்ஸும் சாப்பாட்டு டப்பாவும் வழக்குச் சொத்து இல்லை, அவை உங்களுடையவை. அந்தக் கடிதத்தின் கடைசி வரியாக அதையும் சேர்த்து எழுதிக் கேளுங்கள். கொடுக்கும்போது என்னென்ன பெற்றுக்கொண்டீர்கள் என்று எழுதிய தாளில் மட்டும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். டப்பாவில் சாதம் இருந்திருந்தால், ஸ்டேஷனிலேயே திறந்து பார்க்க வேண்டாம்.